தலையில் இல்லாத மூட்டை

திருப்பதி மைதானத்தில் கோடை மாலை ஓட்டம். சிறுவர் முதல் கிழவர் வரை ஓடினார்கள். வேலை தேடி வந்த நான் வேடிக்கை பார்த்து நின்றேன். கோடு போட்ட சுண்ணாம்பின் வாசனை என்னைச் சித்தூருக்கு இழுத்துப்போனது.

அங்கே முன்பு இப்படியொரு ஓட்டத்தில் என் அப்பா, நைனாவும் ஓடினார். மண்டியில் வெல்ல மூட்டை சுமப்பவர். பழக்க தோஷத்தில் ஒரு கையைத் தலைக்கு மேல் பிடித்தபடியே ஓடினார். கூட்டம் சிரித்தது. யாரோ எவரோ போல நானும் கத்தினேன்: "யோவ், மூட்டை வுழுந்துடப் போவுது, கெட்டியா புடி!"

நைனா திரும்பிப் பார்த்தார். கையை இறக்கினார். மீதித் தூரத்தை நடந்தே முடித்தார். ஓடியவர்களுக்குக் கொடுத்த மோரை என்னிடம் நீட்டினார்.

"நீ குடிடா. கத்திக்கினே இருந்தியே, தொண்ட காஞ்சிருக்கும்."

குடித்துவிட்டேன்.

இன்று திருப்பதியில் ஓடியவர்களுக்கு மோர் கொடுத்துவந்த ஒரு பெண், "தீஸ்கோ அண்ணா" என்று எனக்கும் நீட்டினாள்.

"நான் ஓடலம்மா" என்று கையை இழுத்துக்கொண்டேன்.