தேயாத டயர்

திங்கட்கிழமை காலை மழையில், ரிங் ரோடு சிக்னலில் மெட்டில்டா பிரேக்கை மிதித்தபோது கார் நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸை நோக்கி மூன்று அடி வழுக்கிப் போய், அதற்குப் பிறகுதான் நின்றது. இடிக்கவில்லை. பச்சை விழுந்ததும் கிளம்பி, நஞ்சன்கூட்டில் தான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அந்த மூன்று அடி நாள் முழுக்க மனதில் கிடந்தது.

சனிக்கிழமை அதே காரில் மேட்டூருக்குப் போக வேண்டும். மகள் நிம்மிக்கு ஏழாம் மாதம். மருமகனுக்கு ஷிஃப்ட் வேலை, வீட்டில் வேறு ஆள் இல்லை. அவளை விஜயநகர் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு வழியாகப் பாதை. மலையில் வளைவுக்கு மேல் வளைவு. போன முறை வாடகைக் காரில் வந்த நிம்மி நான்கு தடவை வாந்தி எடுத்தாள், டிரைவர் ஒரு தடவைகூட வேகத்தைக் குறைக்கவில்லை. "நீ ஓட்டுறதா இருந்தா வர்றேன்மா. இல்லன்னா இங்கயே பெத்துக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

மெட்டில்டா நாற்பத்தாறு வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கணவர் பெர்னார்ட் கற்றுக்கொள்ளவே இல்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். காரை ஓட்டுவது அவள், பார்த்துக்கொள்வது அவர் என்று வீட்டில் ஏற்பாடு. தினமும் அவள் வேலைக்கு ரயிலில்தான் போவாள். ஞாயிறு பூசைக்கும், மழை வலுத்த நாட்களுக்கும் மட்டுமே கார் வெளியே வரும். மற்ற நேரம் உறை போட்டு நிற்கும். பின் சீட்டின் பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பெர்னார்ட் வாளியும் துணியுமாக இறங்கிவிடுவார். எட்டு வருஷத்தில் இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்வதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

"டயரா? நம்ம டயருக்கு என்ன?" என்றார் பெர்னார்ட், அவள் கார் வழுக்கியதைச் சொன்னதும், தன் கன்னடம் கலந்த தமிழில். "தேயவே இல்லையே. சும்னே பயப்படறே. ரோட்ல எண்ணெய் சிந்தியிருக்கும்."

"இருக்கலாம். புதன்கிழமை கடையில காட்டிடுவோம்."

"காட்டினா மாத்தத்தான் சொல்லுவான். அவன் விக்கிறதே அதைத்தானே?"

புதன்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, அவரையும் ஏற்றிக்கொண்டு டயர் கடைக்குப் போனாள். கடைக்காரர் நஞ்சுண்டசாமிக்கு ஹனூர் பக்கம். இவர்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பட்டன் தேயாம நல்லாத்தானுங்க இருக்குது."

பெர்னார்ட் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

நஞ்சுண்டசாமி ரப்பரில் நகத்தை அழுத்தினார். பதியவில்லை. பக்கவாட்டில் துணியால் துடைத்ததும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன, காய்ந்த உதட்டில் இருக்குமே, அப்படி.

"இதென்னங்க சார், டயரு இப்படிப் பளபளக்குது?"

"தேங்காய் எண்ணெய். வாராவாரம் நானே தேய்ப்பேன்."

"டயருக்குங்களா?"

"கறுப்பா நிக்கும்."

"தலைக்கு வைங்க சார். ரப்பருக்கு ஆகாதுங்க, எண்ணெய் அதைத் தின்னுரும்."

பெர்னார்டின் தலையில் எண்ணெய்க்கு அதிகம் வேலையில்லை.

நஞ்சுண்டசாமி காரை உயர்த்தி, சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். நீண்ட எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள்: 1117. "பதினேழாம் வருசம், பதினோராவது வாரம் செஞ்சதுங்க. ஓடுனாலும் ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகுமுங்க. அஞ்சாறு வருசம் தாண்டுனா இறுகிரும். ஈரத்துல பிடிக்காது."

மெட்டில்டாவுக்கு முதலில் வந்தது வெட்கம். இருபத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு மருந்துக் குப்பியையும் திருப்பித் தேதி பார்த்த பிறகே ஊசியை எடுப்பவள் அவள். மகள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிரைக்கூடத் திருப்பிப் பார்ப்பாள். டயருக்கும் தேதி உண்டு என்று தோன்றியதே இல்லை.

"தேஞ்சா மாத்தலாம்," என்றார் பெர்னார்ட். "தேயாததை எப்படி மாத்துறது?"

"சீல் உடைக்காத மருந்தும்தான் கெட்டுப்போகுதுங்க. அதைப் போடச் சொல்வீங்களா?" என்றாள் மெட்டில்டா.

நாலையும் மாற்றுவது என்றானது. நஞ்சுண்டசாமி கொஞ்சம் அகலமான டயரை உருட்டி வந்தார். பார்வைக்கு நன்றாக இருக்கும், தள்ளுபடியும் உண்டு. மெட்டில்டா டிரைவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த டயர் அளவுச் சீட்டைப் படித்தாள். அதில் வேறு அளவு இருந்தது.

"எழுதின டோஸ்தான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அதுஞ் சரிதானுங்க. அகலம் போட்டா மைலேஜும் குறையும்," என்று அவரே அதை ஓரமாக வைத்தார். "இந்த அளவுல ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு கெட்டி ரப்பர், ரொம்ப நாள் வரும். இன்னொண்ணு சீக்கிரம் தேயும், ஆனா ஈரத்துல கவ்விப் பிடிக்கும்."

"ரொம்ப நாள் வர்றது," என்றார் பெர்னார்ட்.

"நாம ஓட்டுற ஓட்டத்துக்கு அது தேயறதுக்குள்ள இன்னொரு எட்டு வருஷம் ஆகும். மறுபடி இதே கதைதான். தேயறதையே குடுங்க."

டயர்கள் வந்தன. மாட்டுவதற்கு முன்னால் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வார்டில் வீரியமான மருந்து போடும்போது இரண்டு நர்ஸ்கள் நிற்பார்கள். ஒருத்தி குப்பியைப் பார்த்து உரக்கப் படிப்பாள், மற்றவள் சீட்டோடு ஒப்பிடுவாள். மெட்டில்டா பெர்னார்டின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். "அவர் தேதியைப் படிக்கட்டும், நீங்க எழுதுங்க."

"ஆஸ்பத்திரியா இது?" என்று முனகிக்கொண்டே பெர்னார்ட் பேனாவைத் திறந்தார்.

முதல் மூன்றும் இந்த வருஷத்தவை, ஒரே வாரம். நான்காவதில் நஞ்சுண்டசாமி வருஷத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார். மூன்று வருஷம் பழையது.

"இதுவும் வண்டி ஏறாத புது டயருங்கம்மா. ஒண்ணுதானே."

"வேண்டாம்."

"நம்ம ஸ்டெப்னி இருக்கே," என்றார் பெர்னார்ட். டிக்கியில் கிடக்கும் உபரி டயர்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். "தரையே தொட்டதில்ல. அதைப் போட்டா ஆய்த்து."

மெட்டில்டா டிக்கியைத் திறந்து டார்ச் அடித்தாள். "படிங்க."

அவர் குனிந்து பார்த்தார். 1117. காகிதத்தில் அதையும் எழுதினார், யாரும் எழுதச் சொல்லாமலே.

புதிய டயர் இரண்டு, ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று டிக்கிக்கு, வெள்ளிக்கிழமை மாலை கிடங்கிலிருந்து வந்தன. பெர்னார்டே படித்தார், அவரே எழுதினார். அதே வருஷம், அதே வாரம்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பி, மதியச் சாப்பாட்டை மேட்டூரில் முடித்து, நிம்மியோடு திரும்பினார்கள். பின் சீட்டின் பிளாஸ்டிக்கை பெர்னார்ட் அங்கேயே கிழித்து எடுத்துவிட்டார், அவளுக்கு முதுகு வியர்க்கும் என்று. பாலாறு சோதனைச்சாவடி தாண்டியதும் தூறல் பிடித்தது. மெட்டில்டா முப்பதுக்கு மேல் போகவில்லை. மலை உச்சி கடந்து ஹனூர் பக்கம் இறங்கும்போது, ஒரு வளைவு திரும்பியதும் பழுதான லாரி ஒன்று பாதையை அடைத்து நின்றது. பிரேக்கை மிதித்தாள். கார் நேராக, சத்தமில்லாமல் நின்றது.

பெர்னார்டின் இரண்டு கைகளும் டாஷ்போர்டில் இருந்தன. லாரிக்கும் காருக்கும் நடுவே இருந்த ஈரத் தார் ரோட்டைக் கண்ணால் அளந்தார்.

"நடுவுல ரெண்டு ஆள் படுக்கலாம்," என்றார்.

பின்னால் நிம்மி கண் விழித்தாள். "ஏம்மா நின்னுட்ட? நான் வாந்தின்னு சொல்லலையே."

"லாரி நிக்குது. நீ தூங்கு."

எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்து, மெட்டில்டா லாரியைச் சுற்றிக் காரை எடுத்தாள்.

"சக்கரமெல்லாம் சேறு," என்றார் பெர்னார்ட். "நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்து கழுவணும்."

"வெறும் தண்ணியில."

"தண்ணியிலதான்," என்றார் அவர்.