எங்க வீட்டுக் கை

தெருவில் அவளுக்கு இஸ்திரிக்காரம்மா என்று பெயர். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி ஊரார் சட்டைகளின் சுருக்கத்தை எடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம். கணவர் பியானோ வாத்தியார். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும்.

குறை சொல்ல முடியாத மனிதர், அதுதான் அவளுடைய குறை. குடி கிடையாது, கோபம் கிடையாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையும் தண்ணீரும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்; நெற்றியில் கை வைத்துப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டாள்: சிலருக்குப் பாட வராது, சிலருக்கு நீந்த வராது, இந்த மனிதருக்குத் தொட வராது. வராததை எங்கிருந்து கொண்டுவருவார்? மரம் நிழல் கொடுக்கும், கட்டிக்கொள்ளுமா என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சமாதானத்திலேயே இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் ஓடிவிட்டது.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். பழைய காலத்து இசைமேதை ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் தன் மாணவியைக் காதலித்த கதை. நடிகருக்கு முகம் இருந்தது, விரல் இல்லை. அழைப்புமணியைத் தவிர எதையும் அழுத்தியறியாதவர். ஆகவே கை மட்டும் தெரிகிற காட்சிகளுக்கெல்லாம் வாத்தியாரைப் பிடித்தார்கள். போட்டுப் பழகட்டும் என்று லேஸ் வைத்த சட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். லேஸ் கருகாமல் ஈரத்துணி விரித்துத் தேய்த்துக் கொடுத்தவள் அவள்தான். கடைக்கு வந்த ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை. படத்தில் கையை மட்டும் பாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

படம் வந்ததும் அவர் வகுப்பு இருக்கிறது என்று நழுவிக்கொண்டார். அவள் கடையில் துணி மடிக்கும் தோழியை இழுத்துக்கொண்டு பகல் காட்சிக்குப் போனாள். திரையில் விரல்கள் கட்டைகளின் மேல் ஓடின. ஆள்காட்டி விரலில் டின் மூடி கிழித்த தழும்பு மேக்கப்பையும் மீறித் தெரிந்தது. தோழியின் தொடையைக் கிள்ளி, "எங்க வீட்டுக் கை" என்றாள்.

பாதிப் படத்தில் மாணவி வாசிக்கத் தடுமாறினாள். அந்தக் கை வந்து அவள் கைமேல் படிந்தது. அழுத்தவில்லை. கட்டைவிரல் மட்டும் அவள் மணிக்கட்டை மெதுவாக வருடியது. பிறகு நெற்றியில் விழுந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. ஒதுக்கிய பிறகும் போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. தழும்பு தெரிந்தது. "கொடுத்து வச்சவடி நீ" என்று தோழி காதில் சொன்னாள். இஸ்திரிக்காரம்மா தன் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவருக்குத் தொட வரும். இத்தனை வருஷமும் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அவர் மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். அந்தக் காட்சியை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

பாராட்டு என்று நினைத்துவிட்டார் மனிதர். "யாரும் சொல்லித் தரல. மனசுக்குள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருந்தா அவங்களை நினைச்சுக்கோங்கன்னார் டைரக்டர். ஒரே டேக்ல ஓகே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சுளை கையிலேயே நின்றது.

"யாரை நினைச்சீங்க?"

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்குக் குறுக்கே நீட்டி அவள் கையைப் பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவராக நீட்டிய முதல் கை. அவள் இழுத்துக்கொள்ளவில்லை, காத்திருந்தாள். அந்தக் கை விறைத்துப்போய் அவள் கைமேல் கிடந்தது. கட்டைவிரலை எங்கே வைப்பதென்றே அதற்குத் தெரியவில்லை.