வாகனத்தை ஓட்டியவர்

மாஸ்டரின் கார் எங்கள் பட்டறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இழுவை வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது. முன்பக்கம் ஒரு கீறல் கிடையாது, துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. பின்பக்கம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. டிக்கி மூடி மடங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு விளக்கு ஒயரில் ஆடியது. 'பழகுநர் ஓட்டும் வண்டி, இடைவெளி விடவும்' என்று எழுதிய பலகை பம்பரோடு நசுங்கிப்போய்க் கிடந்தது. அதைப் பார்த்து, நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற எங்கள் டிங்கர் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் அந்தப் பட்டறையின் சூப்பர்வைசர். வருகிற வண்டியைப் பார்த்து, வந்தவரிடம் விவரம் கேட்டு, இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பி, டிங்கருக்கும் பெயிண்டருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது என் பாடு. அன்றைக்கு என் மேஜை முன்னால் நான்கு பேர் நின்றார்கள். முதல் ஆள் கத்திக்கொண்டிருந்தார். நானும் சளைக்காமல் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும், யாரும் தேடிப் போகவேண்டியதில்லை. மாஸ்டர் தன் முறை வரும்வரை பொறுமையாக நின்று, சட்டைப் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார்.

"வண்டிய ஓட்டுனது யாரு?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க."

எழுதினேன். 'விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மாஸ்டர் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தையற்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, சாலைக் குறியீடுகள் போட்ட ஓர் அட்டை, ஒரே ஒரு கார். இவ்வளவுதான் அவர் பள்ளி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் வைத்த கார் அது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அரைக்கிளச்சு. கிளச்சை ஒரேயடியாக விட்டால் வண்டி குதித்து நின்றுபோகும். "அரைக் கிளச்சுல விடும்மா, அரைக் கிளச்சுல விடு" என்பதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாராம். வீட்டில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால்கூட அதையே சொல்வார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மனைவிதான் மாணவர்களின் நேரப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைப்பவர். அந்த இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. 

எங்களிடம் வந்த மூன்றாவது நாள்தான் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். பயிற்சிப் பள்ளியின் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அன்றைக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் பள்ளியின் பெயரில் பதிவான அதே காரைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும். அந்த நாள் இந்த மாதம் இருபத்தெட்டு. தவறவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அறுபது தாண்டியவர்களுக்குப் புது உரிமம் தருவதில்லை. மாஸ்டருக்கு அறுபத்திரண்டு.

"அதுக்குள்ள முடிஞ்சிரும்ல?" என்றார்.

"இடிச்சது அவன், பின்னாடி வந்தவன். நேரான கேஸ். பத்து நாள் வேலை. கவலைய விடுங்க" என்றேன். பெரிய மனிதன் மாதிரி அவர் தோளைத் தட்டி வேறு அனுப்பினேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்து ஒப்புதல் தராமல் நாங்கள் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற முடியாது. அவர் எட்டாம் தேதி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து படம் எடுத்தார். அடிச்சட்டம் லேசாக வளைந்திருக்கிறது, இழுத்துச் சரிசெய்யலாம் என்று டிங்கர் காட்டினார். சர்வேயர் தலையாட்டினார். பிறகு என் மேஜைக்கு வந்து கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்.

இடித்த வேனில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்திருக்கிறது. படத்தில் மாஸ்டரின் கார் நிதானமாகப் போகிறது. சைக்கிளில் போன ஒருவர் தடுமாறிக் காருக்கு முன்னால் விழுகிறார். கார் சட்டென்று நிற்கிறது. வேன் வந்து மோதுகிறது. அரை நிமிடம் கழித்து இரண்டு கதவும் திறக்கின்றன. ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் இறங்குகிறாள். மறுபக்கத்திலிருந்து மாஸ்டர் இறங்கி, காரைப் பார்க்காமல் அவளை நோக்கி ஓடுகிறார்.

"ஓட்டுனது இவரா?" என்று கேட்டார் சர்வேயர்.

மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருட்டுத்தனமும் இல்லை.

"பிரேக் போட்டது நான் சார். அந்தப் பொண்ணு மிரண்டுபோயிருச்சு. என் பக்கத்துப் பிரேக்க நான் மிதிச்சேன். எங்க வண்டியில எது நடந்தாலும் என் பேருதான் சார்."

பயிற்சிப் பள்ளிக்காரர்களின் பழக்கம் அது. மாணவன் கையில் வண்டி இருக்கும்போது சுவரில் உரசினாலும் சரி, பால் வண்டியைச் சாய்த்தாலும் சரி, வாத்தியார் இறங்கிவந்து "நான் இடிச்சிட்டேன்" என்றுதான் சொல்வார். மாணவனைப் பேச விடமாட்டார். இருபத்தாறு வருடமாக அதே பதில். நான் கேட்டபோதும் அதுவே வாயில் வந்திருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் கொடுமை. அந்தப் பெண்ணிடம் பழகுநர் உரிமம் இருந்தது, பக்கத்தில் வாத்தியார் இருந்தார். கம்பெனி மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டிருக்கும். இப்போது அது பொய்த் தகவல் ஆகிவிட்டது. வேன்காரர்களைக் கேட்டால் எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவினார்கள். சொந்தக் காசில் சரிசெய்ய மாஸ்டருக்கு வழியில்லை.

சர்வேயர் கெட்டவரில்லை. கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு எழுதித் தரட்டும். நாந்தான் ஓட்டினேன், சார் பக்கத்துல இருந்தாருன்னு. லைசென்ஸ் நகலோட. திங்கக்கிழமைக்குள்ள வந்தா மேல பேசிப் பாக்குறேன். அதுக்கப்புறம் எங்கிட்ட வராதீங்க."

அன்று வெள்ளிக்கிழமை. அதிலிருந்து மாஸ்டர் பட்டறையை விட்டு நகரவில்லை. காலையில் கதவு திறக்குமுன் வந்துவிடுவார். நொறுங்கிய காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நல்லா இருக்கிற முன்பக்கத்தைத் துணியால் துடைப்பார். "அந்தப் பொண்ணப் போய்ப் பாருங்க மாஸ்டர்" என்றால் சரி என்பார், போகமாட்டார். சனிக்கிழமை அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ராத்திரி பூரா உக்காந்தே இருக்காரு. சாப்பாட்டப் பிசைஞ்சு வச்சிட்டு எந்திரிச்சிடறாரு. இந்தப் பள்ளிக்கூடம் போச்சுன்னா இந்த மனுசன் என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியல."

"அக்கா, நான் கூட்டிட்டுப் போறேன். லெட்டர வாங்காம திரும்பமாட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். வீடு சின்னது. முன்னால் கம்பிக் கேட், உள்ளே ஒரு பழைய நீலக் கார். நான் கேட்டருகே பைக்கில் சாய்ந்து நின்றேன். வெள்ளைத் தாளும் பேனாவும் என் பையில் தயாராக இருந்தன. என்ன எழுத வேண்டும் என்று வழியெல்லாம் அவருக்கு ஒப்பித்திருந்தேன்.

பெண் வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பரிசோதனைக்கூடத்துக்காக வீடுவீடாகப் போய் ரத்த மாதிரி சேகரிக்கிற வேலை கிடைத்திருந்தது, கார் ஓட்டத் தெரிந்தால்தான் வேலை. மாஸ்டரைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னாலதான சார்? நான் பிரேக் மேல காலே வைக்கல. எல்லாம் மறந்துபோச்சு. அதனாலதான் வண்டி இப்படி ஆச்சு."

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்பா வண்டிய எடுன்னு தினமும் சொல்றாரு. கதவத் தொறந்து பாத்துட்டு மறுபடி சாத்திடறேன் சார். புதன்கிழமை டெஸ்ட். நான் போகல. வேலையும் வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

நான் கேட்டின் வெளியிலிருந்து தொண்டையைக் கனைத்தேன். பிறகு அவளே கேட்டாள்.

"கம்பெனியில இருந்து ஏதாவது எழுதிக் கேப்பாங்கன்னு அப்பா சொன்னாரு. நான் ஏதாவது எழுதித் தரணுமா சார்?"

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நான் பையைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் மாஸ்டர். "சாவிய எடுத்துட்டு வா."

அவளை நீலக் காரில் உட்கார வைத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் பக்கம் பிரேக் கிடையாது. கார் கேட்டைத் தாண்டி வெளியே வர இருபது நிமிடம் ஆனது. மூன்று முறை நின்று போனது. மூன்று முறையும் "அரைக் கிளச்சுல விடு" என்கிற குரல் கேட்டது. பிறகு தெருமுனை திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் நான் வெயிலில் நின்றேன்.

திரும்பி வரும் வழியில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு அவரைப் பிடித்துக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. அவள் தானாகத் தருகிறேன் என்கிறாள், நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள், உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார். "நான் ஓட்டும்போது விபத்து ஆச்சுன்னு அவ கையால எழுதணும். அத வச்சு அவங்க கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க. வேன்காரன் அவ திடீர்னு நிறுத்திட்டான்னு சொல்லுவான். அதுக்கப்புறம் அந்தப் பிள்ள ஸ்டியரிங்கத் தொடுமா?"

"நீங்க என்ன பண்ணுவீங்க? வீட்டுல அக்கா என்ன பண்ணுவாங்க?"

"தெரியல" என்றார். அப்போதுதான் அவர் அழுதார். சாலையோரத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அறுபத்திரண்டு வயது மனிதர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டு அழுதார். நான் பார்க்க முடியாமல் பைக்கின் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை அவருக்குத் தெரியாமல் நானே அந்த வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை போனேன். நீலக் கார் எதிரே வந்தது. அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் இருந்தார். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன். போயிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும், திரும்பியது சரி என்று சில நாள் தோன்றும்.

புதன்கிழமை அவள் தேறினாள். வியாழக்கிழமை கம்பெனியின் மறுப்புக் கடிதம் வந்தது. இருபத்தெட்டாம் தேதி மாஸ்டர் போக்குவரத்து அலுவலகத்துக்குக் காரில்லாமல் போய், வரிசையில் நின்று, நிலைமையைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாராம். விதியைப் படித்துக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தையற்கடை மேலிருந்த பெயர்ப்பலகையை அவரும் அவர் மனைவியும் சேர்ந்து இறக்கினார்கள். காரைப் பழைய உதிரிபாகக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

படிவத்தை நிரப்பிய கை என்னுடையது என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். உங்க மேல என்ன இருக்கு?" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் முதலாளியிடம் ஒற்றைக் காலில் நின்று அவருக்கு ஒரு வேலை வாங்கினேன். வேலை முடிந்த வண்டிகளைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுகிற வேலை. முதல் நாள் சலவை செய்த சட்டையை மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைக் காரின் சாவியைக் கொடுத்து, விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு காரைச் சுற்றிப் போனார். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவர்போல முன்னால் பார்த்தபடி இருந்தார்.

டிங்கர் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாஸ்டர், அந்தப் பக்கம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த சாவியை வாங்கினேன்.

"கண்ணாடியப் பாத்துட்டு எடுங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய்க் கதவின் கைப்பிடியைத் தேடினார். நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.