மதில்மேல் இருபது நிமிடம்

தொண்ணூற்றேழில், குளிர் விடும் சமயத்தில், ஆபீஸ் வேலையாக என்னை இரண்டு வாரம் இத்தாலிக்கு அனுப்பினார்கள். மனைவியையும் கூட்டிப் போனேன். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து இரண்டு வருடத்தில் அவள் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மென்ட்டை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லை. கார் ஓட்டத் தெரியாது. நடக்கலாமென்றால் மெயின் ரோட்டில் நடைபாதையே இல்லை. பால் வாங்கக்கூட நான் வர வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி லூக்கா போனோம். சின்ன, பழைய ஊர். சுற்றிலும் பெரிய மதில். அதன் மேலேயே மரங்களோடு அகலமான பாதை. உள்ளே ஒடுக்கமான சந்துகள்.

அரை மணியில் அவள் எனக்கு முன்னால் போக ஆரம்பித்தாள். சேலைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ். "நம்ம மதுரை மாசி வீதி மாதிரியே இருக்குங்க. மேப்பை உள்ள வைங்க." ரொட்டிக்கடைக்காரியிடம் கையை ஆட்டித் தமிழிலேயே வழி கேட்டாள். அந்த அம்மாள் சிரித்து, இவள் கன்னத்தைத் தட்டி, சோம்பு போட்ட இனிப்பு ரொட்டி ஒரு துண்டு கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க அங்கத்திய ஆபீஸில் என் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடித்துத் திட்டியிருந்தார்கள். இவள் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கறாங்க. அதுகூடத் தெரியல."

"நல்லாத்தானே சிரிக்கறாங்க?"

"அவ்வளவு வழி தெரியுமா? அப்ப ஸ்டேஷனுக்கு நீயே வந்து சேரு."

திரும்பி நடந்தேன். பாஸ்போர்ட் இரண்டும், ரயில் டிக்கெட்டும், மேப்பும் என்னிடம். அவள் கையில் ஒரு லிரா கிடையாது. பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. சரிவில் ஏறி, மதில்மேல் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

கீழே அவள் அதே சந்தில் மூன்று முறை வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிறகு சர்ச் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் கழித்துத்தான் இறங்கினேன்.

"என்ன, மாசி வீதி முடிஞ்சுதா?"

நிமிர்ந்தாள். முகத்தில் வேர்வை மட்டும்தான். "உங்க சிவப்பு ஜாக்கெட் முதல்லயே தெரிஞ்சுது. எவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு பார்த்தேன்."

அவள் எழுந்து நடந்தாள். ஒரு திருப்பம்கூடத் தப்பாமல் ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கியதை என்னிடம் சொல்லவில்லை; கிச்சன் டிராயரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

லூக்காவுக்குப் பிறகு அவள் என்னோடு சேர்ந்து நடப்பதில்லை. மாலில், பார்க்கிங் லாட்டில், எங்கே போனாலும் பத்தடி பின்னால். நான் நின்றால் அவளும் நிற்பாள். "வைஃப்புக்கு உங்க மேல எவ்வளவு மரியாதை பாருங்க" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒருநாள் கோயில் வாசலில் தாங்காமல் திரும்பினேன்.

"பக்கத்துல வந்தா என்ன?"

"நீங்க முன்னாடி போங்க," என்றாள். "எங்க நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியணும்."

நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நடந்தேன்.