இரண்டாம் முறை எண்ணியது

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கண் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். கூடம் என்றால் இரண்டு அறைகள். பின்னால் தகரக் கொட்டகையில் முயல்கள். அவற்றில் ஒரு வம்சத்துக்குப் பிறவியிலேயே கண் அழுத்த நோய். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்தக் கோளாறு இறங்கிய குட்டிக்குச் சில மாதங்களில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, விழி மாட்டுக் கண் மாதிரி பெருத்துவிடும். கூடப் பிறந்த இன்னொரு குட்டி நன்றாகவே இருக்கும். இரண்டின் விழித்திரையையும் ஒப்பிட்டு, நோயில் எது அழிகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் டாக்டரின் ஆராய்ச்சி.

எண்ணுவது என் வேலை. கொன்ற முயலின் கண்ணை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஊதாச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவேண்டும். பார்வையை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்புச் செல்கள் விழித்திரையின் உள் ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். சித்திரை வெயிலில் மெழுகு இளகிச் சீவல் சுருண்டுகொள்ளும். ஃபேனைப் போட்டால் பறந்துவிடும்.

முயல்களைப் பார்த்துக்கொண்டவர் ஆனையூரிலிருந்து சைக்கிளில் வருவார். பார்வை போன முயல்கள் இரையைத் தேடித் தவிக்கக்கூடாதென்று அவற்றின் தட்டுகளை ஒரே மூலையில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்.

ஒரு வருடம் எண்ணினேன். பெருத்த கண்களில் செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. டாக்டருக்குத் திருப்தி. ஒரு நாள் சரிபார்ப்பதற்காக, நோயில்லாத ஒரு கண்ணையே இரண்டு வேறு இடங்களில் சீவி எண்ணினேன். இரண்டு எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. முயலின் விழித்திரையில் செல்கள் ஒரு பட்டையாக நெருங்கியும், அதற்கு மேலும் கீழும் விலகியும் கிடக்கின்றன. எந்தக் கண்ணை எந்த இடத்தில் வெட்டினேன் என்று நான் குறித்துவைக்கவே இல்லை. நான் எழுதிய குறைவில் நோயின் பங்கு எவ்வளவு, என் கத்தியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு நாள் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எங்க வெட்டணும்னு நானும் சொல்லலையேம்மா" என்றார். பிறகு, "மெழுகுல கண்ணு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல சார். முழுசாச் சீவிட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கொட்டகைக்குப் போய் முயல்காரரிடமும் நானே சொன்னேன். கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அம்புட்டும் வீணா தங்கச்சி?"

"அம்புட்டுந்தாண்ணே."

"இனி எத்தன உசுரு வேணும்?"

சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயிலு தாழட்டும். இப்பச் சேத்து விட்டா குட்டி தங்காது" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

இந்த முறை கண்ணை எடுக்கும் முன்பே அதன் மேல்பக்கத்தில் கறுப்பு நூலால் அடையாளத்துக்கு ஒரு தையல் போட்டோம். பார்வை நரம்பிலிருந்து ஒரே தூரத்தில் சீவினேன். கண் பெருக்கும்போது விழித்திரையும் இழுபட்டுச் செல்கள் விலகுமே, அதையும் அளந்து கழித்தோம். ஒன்றரை வருடம் போனது. கழுத்து திரும்பாது. பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடினால் ஊதாப் புள்ளிகளாக வரும். அவற்றையும் எண்ணத் தொடங்கிவிடுவேன்.

கடைசியில் குறைவு இருக்கத்தான் செய்தது. நரம்புச் செல்கள் அழிந்திருந்தன. ஒளியை வாங்கும் வெளி அடுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் முதலில் நான் எழுதிய அளவுக்குக் குறைவு இல்லை. டாக்டர் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

"இந்தத் தடவ சரியா இருக்கா தங்கச்சி?" என்று முயல்காரர் கேட்டார்.

"இருக்குண்ணே."

"அப்பப் போதும்ல?"

கண் பெருப்பதற்கு முன்னாலேயே மாற்றம் தொடங்குகிறதா என்று பார்க்க, டாக்டர் அன்று காலைதான் இளங்குட்டிகள் கேட்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் கேக்குறாருண்ணே" என்றேன்.

அவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வாரேன் தங்கச்சி" என்று சைக்கிளை எடுத்தார். அதற்கப்புறமும் நான்கு வருடம் நாங்கள் இருவரும் அங்கேதான் வேலை பார்த்தோம்.