கரியாலூர் தையல்காரி

போன வியாழக்கிழமை ஒரு தகரப் பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நியாயம்தான்.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரியும். பழைய தீப்பெட்டி, டூத்பேஸ்ட்டோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் மிருகங்கள், கம்பெனிக்காரர்கள் கடைகளுக்குக் கொடுத்த தலையாட்டிப் பொம்மை... எதையும் விடமாட்டேன். கள்ளக்குறிச்சியில் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் இரண்டு தெரு தள்ளி இருந்த தணிகாசலம் அண்ணன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் என் காரில் இருவரும் கிளம்பிவிடுவோம் — உளுந்தூர்பேட்டை பழைய இரும்புக் கடை, தியாகதுருகம் பாத்திரக் கடைப் பரண்...

அப்படித்தான் ஒரு ஞாயிறு கரியாலூர் போனோம். ஒரு மளிகைக் கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை உயரத் தகரப் பெண். முன்னால் தையல் மெஷின், முதுகில் சாவி. சாவி கொடுத்தால் குனிந்து குனிந்து தைப்பாள். முதலில் பார்த்தது நான்தான்.

"எங்கப்பா வாங்கனது சார். யோசிச்சுச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.

போனால், சாமி படம் மட்டும் இருந்தது.

"உங்ககூட வந்தாரே, அவரு செவ்வாக்கெழமையே பஸ் ஏறி வந்து வாங்கினு பூட்டாரே சார்!"

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஷோகேஸில் தையல்காரி.

"இன்னா தம்பி, ஒரு பொம்மைக்கு மூஞ்சத் தூக்கினு நிக்கிற? எங்க வூட்ல இருந்தா இன்னா, உங்க வூட்ல இருந்தா இன்னா?"

"அப்ப எங்க வூட்லயே இருக்கட்டும். குடுங்க."

சிரித்தார். கொடுக்கவில்லை.

எட்டு மாதம் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போனேன். ஐம்பது வயதுக்காரன் செய்கிற வேலையா இது? செய்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிறு மதியம். தீப்பெட்டிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அண்ணன் பெயர். இறங்கி வந்துவிட்டாரா... இன்னும் கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். போனைத் திருப்பிப் பெயரைப் பார்ப்பதும் கவிழ்ப்பதுமாக இருந்தேன். இரண்டாவது முறையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அடிக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் தகவல் வந்தது. மாரடைப்பு.

அவர் மனைவி செல்வி அண்ணி தியாகதுருகத்தில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், அண்ணன் கூடத்தில் நாற்காலிக்குக் கீழே கிடந்திருக்கிறார். சட்டை மாட்டி, செருப்புகூடப் போட்டிருந்தாராம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி உட்கார்ந்திருக்கிறார் மனிதர். வண்டிதான் வரவில்லை. என் வண்டி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் அண்ணனின் போன்.

"கடைசியா உங்களுக்குத்தான் தம்பி பண்ணிக்கிறாரு. இன்னா பேசனாரு?"

உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

"சும்மாதான் அண்ணி... சண்டையெல்லாம் வேணாம்னாரு. நல்லாத்தான் பேசனாரு."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அது போதும் தம்பி. தனியா கெடந்து பூட்டாரேன்னு இருந்தேன். உங்ககிட்ட பேசிட்டுத்தான் போயிக்கிறாரு."

பிறகு ஷோகேஸைத் திறந்து, தையல்காரியை எடுத்து என் கையில் வைத்தார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டதா? சாவி துருப்பிடித்திருக்கிறதா என்று கட்டைவிரல் தானாகத் தடவிப் பார்த்தது.

ஆறு வாரம் என் வீட்டில் இருந்தாள். ஒரு தடவைகூடச் சாவி கொடுக்கவில்லை. அண்ணியோ பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார். காய்கறிக் கடையில் என் மனைவியிடமும் சொல்லி, என்னை வாழ்த்தியிருக்கிறார். அதற்கு மேல் தாங்கவில்லை.

வியாழக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டு வாட்டியும் அவரு பேரப் பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணி."

"பொம்மைய அங்க வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சொன்னது சரிதானா? அந்தப் பொய்யாவது அவருக்கு மிஞ்சட்டும் என்று விட்டிருக்கலாமோ? என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டேனோ? தெரியவில்லை.

ஒன்று தெரிகிறது. என் அலமாரியில் ஒரு தீப்பெட்டி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு மனிதர் எட்டு மாதமாக என்னோடு இல்லாதது மட்டும் உறைக்கவே இல்லை.

இப்போதெல்லாம் போன் அடித்தால் யாரென்று பார்க்காமல் எடுத்துவிடுகிறேன். பாதிப் பேர் பர்சனல் லோன் வேண்டுமா என்கிறார்கள்... பரவாயில்லை, அவர்களிடமும் பேசுகிறேன்.