சாமான் அறையில் நான் ஒளித்து வைத்த பிள்ளை

சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங் என்ற மலாய் நாட்டு ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், வாசிக்கத் தெரியாத ஐந்து பிள்ளைகளை அன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம்.

ஆனால் அவர்களில் லெட்சுமி மட்டும் வந்துவிட்டாள், சில மைல் தள்ளியிருந்த கிளேபாங்கிலிருந்து நடந்தே. வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதும், அவளைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

வகுப்பு நன்றாகவே வாசித்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். திடீரென்று உள்ளே தும்மல் கேட்டது. அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"இங்க என்னம்மா பண்ற?"

அவள் என்னைப் பார்த்தாள். "மேப்பு எடுக்க வந்தேன் சார்," என்றாள்.

அவர் நம்பிவிட்டார். "எல்லாரும் நல்லா வாசிக்கிறாங்க டீச்சர். பின்தங்கின பிள்ளைங்களுக்கு இன்னொரு வாத்தியார் வேணும்னு உங்க ஹெட்மாஸ்டர் கேட்டிருக்கார். தேவையில்லைன்னு எழுதிடவா?"

ஆமாம் என்றால் தப்பித்திருப்பேன். லெட்சுமி இன்னும் கதவருகே நின்றிருந்தாள்.

"இவளுக்கு வாசிக்கத் தெரியாது சார். நான்தான் ஒளிச்சு வச்சேன். இன்னும் நாலு பேர் வீட்டுல இருக்காங்க," என்றேன்.

அவர் எழுதியதை அடித்துவிட்டு, ஐந்து பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த பள்ளித் தவணையில் இன்னொரு ஆசிரியர் வந்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அது பெரிதாக வலிக்கவில்லை. படிக்க வந்த பிள்ளையை எனக்காகப் பொய் சொல்ல வைத்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.